ஆணுறுப்பில் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விறைப்புக் கோளாறுக்கு இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களிடம் பேசுவது என் வேலையில் ஒரு பகுதி. நான் மருத்துவர் அல்ல, ஆலோசகர். அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஆண்களும் அவர்களுடைய மனைவிமாரும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்பைப் பரிசோதித்து முடிவு சொல்ல வேண்டியவர் யூராலஜிஸ்ட்தான் (சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்புக் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவர்). அவரிடம் போவதற்கு முன்னால் என்னென்ன தெரிந்திருந்தால் நல்லது என்பதற்கு இது உதவும்.

"இம்ப்ளான்ட்னா என்ன? உள்ளே எதை வைப்பாங்க?"

ஆணுறுப்புக்குள் இடமும் வலமுமாக, பஞ்சு போன்ற திசுவால் ஆன இரண்டு நீளக் குழாய்கள் இருக்கின்றன. கிளர்ச்சி வரும்போது அவற்றில் ரத்தம் நிரம்பி, வெளியேறாமல் அடைபட்டு நிற்பதுதான் விறைப்பு. ரத்தம் போதுமான அளவு வராவிட்டாலும், வந்த ரத்தம் நிற்காமல் வடிந்துவிட்டாலும் உறுப்பு தளர்ந்துவிடும். இம்ப்ளான்ட் சிகிச்சையில் அந்த இரண்டு குழாய்களுக்குள்ளும் தலா ஒரு சிலிண்டரைப் பொருத்துகிறார்கள். அதன் பிறகு விறைப்புக்கு ரத்த ஓட்டத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை.

எல்லாமே உடம்புக்குள்தான் இருக்கும். வெளியே குழாய், பட்டன் எதுவும் தெரியாது. ஆறிப்போன ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருக்கும். இது சோதனை முயற்சியும் அல்ல. திரவம் ஏற்றி இறக்கும் வகை 1973-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு பொருளும் வடிவமும் நிறையத் தேறியிருக்கின்றன.

"எத்தனை வகை இருக்கு? எது நல்லது?"

பெரிய பிரிவு இரண்டு. ஒன்று வளைத்து நிமிர்த்தும் தண்டு வகை. இதில் பம்பு கிடையாது. உறுப்பு எப்போதும் ஓரளவு கெட்டியாகவே இருக்கும். தேவைப்படும்போது கையால் நிமிர்த்திக்கொள்ளலாம், மற்ற நேரங்களில் கீழே மடக்கி வைத்துக்கொள்ளலாம். பழுதாகிற பாகங்கள் குறைவு, அறுவை சிகிச்சையும் எளிது. ஆனால் இறுக்கமான உடை போட்டால் மேடாகத் தெரியும். நாள் முழுக்க உள்ளிருந்து அழுத்திக்கொண்டே இருப்பதால், உணர்ச்சி மங்கியவர்களுக்குத் தண்டு திசுவை அரித்து வெளியே வரும் அபாயமும் கூடுதல்.

இன்னொன்று திரவம் ஏற்றும் வகை. இதில் அதிகம் பயன்படுவது மூன்று பாகங்கள் கொண்டது: உறுப்புக்குள் சிலிண்டர்கள், விதைப்பைக்குள் ஒரு சின்னப் பம்பு, அடிவயிற்றுக்குள் உப்புநீர் நிரப்பிய ஒரு பை. வேண்டும்போது விறைப்பாகவும் வேண்டாதபோது தளர்வாகவும் இருக்கும் என்பதால் இயல்பு நிலைக்கு மிக நெருக்கமானது இதுதான். பை இல்லாத இரண்டு பாக வகையும் உண்டு. வயிற்றில் ஏற்கெனவே பெரிய அறுவை சிகிச்சை நடந்து, பை வைக்க இடம் சரியில்லை என்றால் சிலர் அதைப் பரிசீலிப்பார்கள்.

விரல்கள் நன்றாக வேலை செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று பாக வகையே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். கை நடுக்கம், கடுமையான மூட்டுவாதம், பக்கவாதம் இருப்பவர்களுக்குப் பம்பு பெரிய தொல்லையாகிவிடும். அவர்களுக்குத் தண்டு வகைதான் நிம்மதி.

"பம்பை எப்படி இயக்கறது? பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?"

பம்பு விதைப்பைக்குள், இரண்டு விரைகளுக்கும் நடுவில், தொட்டால் தெரிகிற மாதிரி தொங்கும். அதன் கீழ்ப்பகுதி மெத்தென்ற குமிழ். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதை அமுக்கி விட்டால் அடிவயிற்றுப் பையில் இருக்கும் உப்புநீர் சிலிண்டர்களுக்குப் போகும். குமிழ் மறுபடி உப்பி வரும்வரை ஒரு நொடி பொறுத்து மீண்டும் அமுக்க வேண்டும். அவசரப்பட்டுப் படபடவென்று அமுக்கினால் குமிழ் நிரம்புவதில்லை, ஒன்றும் நடப்பதில்லை. முதல் வாரங்களில் பலரும் தடுமாறும் இடம் இதுதான். தேவையான விறைப்பு வந்ததும் குமிழ் கெட்டியாகி மேற்கொண்டு அமுங்க மறுக்கும். மாடலைப் பொறுத்தும் ஆளைப் பொறுத்தும் பத்து, இருபது தடவை அமுக்க வேண்டியிருக்கலாம்.

தளர்த்துவதற்குக் குமிழின் மேல்பக்கம் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தி, உறுப்பை மெதுவாகக் கையால் பிடித்துவிட்டால் திரவம் பைக்குத் திரும்பிவிடும். சத்தம் கித்தம் ஒன்றும் பெரிதாக வராது. தளர்ந்த நிலையில் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. துணைவர் விதைப்பையைத் தொட்டால் பம்பு கையில் தட்டுப்படும், அவ்வளவுதான்.

"மாத்திரை போட்டுப் பார்த்தேன், வேலை செய்யல. அப்போ நேரா ஆபரேஷன்தானா?"

மாத்திரை வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எப்படிப் போட்டீர்கள் என்றுதான். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு சில்டெனாஃபில் (வயாகராவில் இருக்கும் மருந்து) போட்டால், அதிலும் கொழுப்பு மிகுந்த சாப்பாடு என்றால், மருந்து ரத்தத்தில் சேரத் தாமதமாகும். போட்டுவிட்டுத் தானாக விறைப்பு வரட்டும் என்று கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாலும் வராது. இந்த மாத்திரைகள் ஆசையைத் தூண்டுவதில்லை. ஆசை வந்து நரம்பு சைகை கொடுத்தால், ரத்த ஓட்டம் கூட வழி செய்கின்றன. ஒரு தடவை போட்டுவிட்டுக் கைவிட்டவர்களும், குறைந்த அளவிலேயே நின்றுவிட்டவர்களும் ஏராளம். மருத்துவர் அனுமதிக்கும் முழு அளவில், சரியான நேரத்தில், வெவ்வேறு நாட்களில் ஐந்தாறு முறையாவது முயன்ற பிறகே தோற்றுவிட்டது என்று சொல்ல முடியும். சில்டெனாஃபில் சரிப்படாத சிலருக்கு டாடலாஃபில் கைகொடுக்கும். அது ஒன்றரை நாள் வரை உடம்பில் வேலை செய்யும் என்பதால் கடிகாரத்தைப் பார்க்கும் பதற்றம் குறைகிறது.

நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். விறைப்புக் கோளாறு இதயநோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். உறுப்புக்குப் போகும் தமனிகள் இதயத் தமனிகளைவிடச் சிறியவை, அதனால் அடைப்பு அங்கே முதலில் தெரிந்துவிடுகிறது. நெஞ்சில் தொந்தரவு தெரிவதற்குச் சில வருடங்கள் முன்பே இது தொடங்கலாம். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், காலை நேரத்து டெஸ்டோஸ்டிரோன் இவற்றைப் பார்க்காமல் யாராவது நேரே இம்ப்ளான்ட் பேச்சை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

"மாத்திரைக்கும் ஆபரேஷனுக்கும் நடுவுல எதுவுமே இல்லையா?"

இருக்கிறது. வெற்றிடக் கருவி ஒன்று. உறுப்பின் மேல் குழாயை வைத்துக் காற்றை உறிஞ்சினால் ரத்தம் வந்து சேரும், அடியில் ஒரு வளையம் மாட்டி நிறுத்திக்கொள்ள வேண்டும். வளையத்தை அரை மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. உறுப்பு சற்றுக் குளிர்ந்து, நிறம் மங்கியிருக்கும், அடியில் ஆட்டம் இருக்கும். பலருக்கு அது பிடிப்பதில்லை. ஆனால் மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கு நல்ல வழி.

அடுத்தது உறுப்பின் பக்கவாட்டில் மெல்லிய ஊசியால் மருந்து போட்டுக்கொள்வது. கேட்டவுடனே முகம் சுளிக்காதவர் இல்லை. ஆனால் மாத்திரை கைவிட்ட பலருக்கும் இது வேலை செய்கிறது. சில நிமிடங்களில் விறைப்பு வரும். முதல் டோஸை மருத்துவர் முன்னிலையில் போட்டு அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். விறைப்பு நான்கு மணி நேரம் தாண்டியும் அடங்காவிட்டால் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். அடங்கிவிடும் என்று காத்திருந்தால் திசு செத்துவிடும்.

இவை எல்லாவற்றையும் படிப்படியாக ஏறித்தான் இம்ப்ளான்டுக்கு வர வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. எல்லாவற்றையும் கேட்டறிந்து, ஊசி என் வாழ்க்கைக்கு ஒத்துவராது என்று முடிவு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்காமலே முடிவு செய்வதுதான் தப்பு.

"ஷாக்வேவ் கொடுத்தா, ரத்தத்துல இருந்து எடுத்து ஊசி போட்டா இயற்கையாவே திரும்பிடும்னு விளம்பரம் பார்த்தேனே?"

மென்மையான அதிர்வலை சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. லேசான ரத்த ஓட்டக் கோளாறு உள்ள சிலருக்குக் கொஞ்சம் பலன் இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ரத்தத் தட்டணுக்களைப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்கும் உறுதியான ஆதாரம் சேரவில்லை. மாத்திரையும் ஊசியும் தோற்று இம்ப்ளான்ட் வாசலில் நிற்பவருக்கு இவை விறைப்பை மீட்டுத் தரும் என்று வாக்குக் கொடுப்பவர் உங்கள் பணப்பையைப் பார்க்கிறார்.

"எனக்கு 36 வயசு. காலையில எந்திரிக்கும்போது நல்லா இருக்கு. மனைவிகிட்ட போனா மட்டும் வரல. இம்ப்ளான்ட் வெச்சா சரியாகுமா?"

வேண்டாம். காலையில் உறுதியான விறைப்பு வருகிறது என்றால் நரம்பும் ரத்தக் குழாயும் பெரும்பாலும் வேலை செய்கின்றன என்று பொருள். உங்கள் சிக்கல் பதற்றத்திலோ, உறவிலோ, மனச்சோர்விலோ, சாப்பிடும் ஏதோ ஒரு மருந்திலோ இருக்கலாம். பாலியல் ஆலோசனையும், தன்னம்பிக்கை வரும்வரை சில காலம் மாத்திரையும் உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல பலன் தருகின்றன.

நன்றாக இருக்கும் திசுவுக்குள் சிலிண்டரைச் செருகினால் என்ன ஆகும் என்று அடுத்த பதிலைப் படியுங்கள்.

"வெச்ச பிறகு பிடிக்கலைன்னா எடுத்துட்டுப் பழையபடி இருந்துக்கலாமே?"

முடியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சிலிண்டருக்கு இடம் பண்ணுவதற்காக அந்தப் பஞ்சுத் திசுவை விரித்து, நசுக்கித்தான் வழி ஏற்படுத்துகிறார்கள். சிலிண்டரைச் சுற்றி நாளடைவில் தழும்புத் திசு வளர்ந்துவிடும். பிறகு இம்ப்ளான்டை எடுத்துவிட்டால் முன்பு கொஞ்சநஞ்சம் வந்துகொண்டிருந்த விறைப்பும் வராது. மாத்திரையும் ஊசியும் நம்பும்படியாக வேலை செய்யாது. உள்ளே வெற்றிடம் சுருங்கி உறுப்பு நீளம் குறையும். எடுத்துவிட்டு ரொம்ப நாள் கழித்து மறுபடி வைப்பதும் சிரமமான அறுவை சிகிச்சை.

அதனால் "சும்மா வெச்சுப் பார்ப்போம்" என்பதற்கு இது ஏற்றதல்ல. மாத்திரையால் பாதி நாட்களாவது ஒப்பேற்ற முடிகிறவரை நான் அவசரப்படுத்த மாட்டேன். மறுபக்கம், எல்லா வழியும் மூடிப்போய் இரண்டு மூன்று வருடமாக மனைவியின் படுக்கைக்கே போகாமல் ஒதுங்கிக் கிடப்பவரிடம் "திரும்பி வர முடியாது" என்று பயமுறுத்துவதிலும் அர்த்தமில்லை. அவருக்குத் திரும்பிப் போக அங்கே எதுவும் இல்லை.

"நீளம் கூடுமா? குறையுமா?"

கூடாது. ஏமாற்றத்தில் வருகிறவர்களில் பலர் இந்த ஒரு விஷயத்தால்தான் ஏமாறுகிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் பரிசோதனையில், தளர்ந்த உறுப்பின் நுனியைப் பிடித்து முன்னால் நன்றாக இழுத்து அளவுகோலை வைத்துக் காட்டும்படி மருத்துவரிடம் கேளுங்கள். இம்ப்ளான்ட் வைத்த பிறகு கிடைக்கும் நீளம் ஏறக்குறைய அதுதான். இருபத்தைந்து வயதில் இருந்ததை மனதில் வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறார்கள். ஆனால் வருடக்கணக்கில் விறைப்பில்லாமல் இருந்ததிலேயே, சர்க்கரையாலும் புரோஸ்டேட் அறுவை சிகிச்சையாலும், உறுப்பு ஏற்கெனவே சுருங்கியிருக்கும். அளவுகோல் காட்டும் எண்ணை அன்றைக்கே கண்ணால் பார்த்தவர்கள் பிறகு குறைப்படுவது அரிது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலிண்டர் தண்டுப் பகுதியை மட்டும்தான் கெட்டியாக்கும். நுனி மொட்டு தானாக உப்பாது. சிலருக்கு அது மென்மையாகவே இருக்கும். இம்ப்ளான்டோடு சேர்த்து மாத்திரை போட்டால் மொட்டுக்கு ரத்தம் கூடுதலாக வருவதுண்டு.

"சுகம் இருக்குமா? விந்து வருமா? குழந்தை பெத்துக்க முடியுமா?"

தொடு உணர்ச்சியைத் தரும் நரம்புகள் வேறு பாதையில் போகின்றன. விந்தும் சிறுநீரும் வரும் குழாயையும் இதில் தொடுவதில்லை. எனவே முன்பு உணர்ச்சி, உச்சம், விந்து எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். முன்பே இல்லாததை இம்ப்ளான்ட் கொண்டுவராது. புரோஸ்டேட்டை முழுதாக எடுத்தவருக்கு விந்து வருவதில்லை, இம்ப்ளான்ட் வைத்தாலும் வராது. குழந்தைப்பேறும் அப்படியே: விந்தணு இருந்தால் வாய்ப்பு உண்டு.

ஆசையும் இதில் சேராது. பம்பை அமுக்கினால் விறைப்பு வரும், மனசு வராது. சிலருக்கு முதல் சில மாதங்கள் உச்சத்தை அடைய முன்பைவிட நேரம் பிடிக்கிறது. விறைப்பு ஒரு பக்கம், கிளர்ச்சி ஒரு பக்கம் என்று தனித்தனியாக நடப்பதற்குப் பழக வேண்டியிருக்கிறது. ஒரு வசதியும் உண்டு. உச்சம் வந்த பிறகும் பட்டனை அழுத்தும்வரை விறைப்பு நிற்கும்.

"சுகர் இருக்கு. செய்யலாமா?"

செய்யலாம். இம்ப்ளான்ட் வைத்துக்கொள்பவர்களில் சர்க்கரை நோயாளிகள் நிறையப் பேர். சர்க்கரை நரம்பையும் ரத்தக் குழாயையும் சேர்த்தே கெடுப்பதால் மாத்திரை தோற்பதும் அவர்களுக்கு அதிகம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8 அல்லது 8.5-க்கு மேல் இருந்தால் பல மருத்துவர்கள் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். எண்ணைவிட, அறுவை சிகிச்சை நாளிலும் அடுத்த வாரங்களிலும் சர்க்கரை கட்டுக்குள் இருப்பது முக்கியம். காரணம், தொற்று.

புகைபிடிப்பவர்கள் சில வாரங்கள் முன்பே நிறுத்த வேண்டும். காயம் ஆறுவதைப் புகை கெடுக்கும். பல்லில் சீழ், தோலில் கொப்புளம், சிறுநீர்த் தொற்று எது இருந்தாலும் முதலில் அதைச் சரி செய்துவிட்டுத்தான் தேதி.

"தொற்று வந்தா என்ன பண்ணுவாங்க?"

முதல் தடவை வைத்துக்கொள்பவர்களில் நூற்றில் ஒன்று முதல் மூன்று பேருக்குத் தொற்று வரலாம். பழையதை மாற்றும் அறுவை சிகிச்சையில் அபாயம் இன்னும் கூடும். 2000-களின் தொடக்கத்தில் நுண்ணுயிர்க் கொல்லி பூசிய இம்ப்ளான்டுகள் வந்த பிறகு எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் வந்துவிட்டால் மாத்திரை சாப்பிட்டு ஆற்றிவிட முடியாது. உள்ளே இருக்கும் பொருளின் மேல் கிருமி படலமாக ஒட்டிக்கொள்ளும், மருந்து அதற்குள் புகாது. முழுவதையும் எடுத்தாக வேண்டும். நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு உள்ளே கழுவிச் சுத்தம் செய்து அதே அறுவை சிகிச்சையில் புதியதை வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் நீளம் போகாமல் காப்பாற்றலாம்.

வலி நாளுக்கு நாள் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், தழும்பில் நீர் கசிந்தால், விதைப்பைத் தோல் பம்போடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். சில தொற்றுகள் மாதக்கணக்கில் மறைந்திருந்து விடாத வலியாக மட்டும் தலைகாட்டும்.

"ஆபரேஷன் எப்படி இருக்கும்? எத்தனை நாள் படுக்கணும்?"

முதுகில் ஊசி போட்டோ முழு மயக்கத்திலோ, பொதுவாக ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும். உறுப்பும் விதைப்பையும் சேரும் இடத்திலோ அடிவயிற்றின் கீழோ சில சென்டிமீட்டர் வெட்டு. அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

வலி உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் வாரம் விதைப்பை வீங்கிக் கறுத்துப்போய்க் கிடப்பதைப் பார்த்துப் பலரும் கலங்கிவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் நிறம் மாறி வடிந்துவிடும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் போகலாம், பாரம் தூக்குவதற்கு ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். பம்பு மேலே ஏறிவிடாமல் இருக்கத் தினமும் மெதுவாகக் கீழே இழுத்துவிடச் சொல்வார்கள். அதை வலிக்கிறது என்று விட்டுவிட்டவர்களுக்குப் பிறகு பம்பு கைக்கு எட்டாத இடத்தில் நின்றுவிடுகிறது. நான்கு முதல் ஆறு வாரத்தில் மருத்துவர் பம்பை இயக்கக் கற்றுக்கொடுத்து, அதன் பிறகே உறவுக்கு அனுமதி தருவார்.

"எத்தனை வருஷம் உழைக்கும்?"

மூன்று பாக வகையில் பத்து வருடத்துக்குப் பிறகும் பெரும்பாலானவை ஓடிக்கொண்டிருக்கும். பதினைந்து, இருபது என்று போகிறவையும் உண்டு. ஆனால் இது இயந்திரம், என்றைக்காவது கசியும். கசிந்தால் உள்ளே பரவுவது கிருமி நீக்கிய உப்புநீர்தான், உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், ஆபத்து இல்லை. பம்பு வெறுமனே அமுங்கும், விறைப்பு வராது. மாற்றிக்கொள்ள வேண்டும். நாற்பது வயதில் வைத்துக்கொள்பவர் வாழ்நாளில் இன்னொரு அறுவை சிகிச்சையாவது வரும் என்று கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. மாற்றும்போது தொற்று அபாயம் கூடும் என்று மேலே சொன்னதையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

"புரோஸ்டேட் கேன்சர் ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு. இன்னும் விறைப்பு வரல. இப்பவே வெச்சுடலாமா?"

நரம்புகளைக் காப்பாற்றிச் செய்த அறுவை சிகிச்சையாக இருந்தால் பொறுங்கள். நரம்பு தெளிய ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். அதுவரை மாத்திரை, வெற்றிடக் கருவி, ஊசி இவற்றால் சமாளிக்கலாம். உறுப்பு சுருங்காமல் இருக்கவும் அவை உதவலாம் என்று பல மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். இரண்டு பக்க நரம்பையும் எடுக்க வேண்டியிருந்தது என்றால் காத்திருப்பதில் அவ்வளவு பயனில்லை, சீக்கிரமே இம்ப்ளான்ட் பற்றிப் பேசலாம். எது நடந்தது என்று அறுவை சிகிச்சைக் குறிப்பில் எழுதியிருக்கும், கேட்டு வாங்குங்கள்.

"உறுப்பு வளைஞ்சும் இருக்கு, விறைப்பும் சரியில்ல. ரெண்டுக்கும் ஒரே ஆபரேஷன் போதுமா?"

பெரும்பாலும் போதும். சிலிண்டரை ஏற்றியதும் வளைவு குறையும். மீதி இருந்தால் மருத்துவர் அதே மேசையில் கையால் நிமிர்த்தியோ, வளைவுக்குக் காரணமான தழும்புத் தகட்டில் வெட்டுப் போட்டோ சரி செய்வார்.

"ஏர்போர்ட்ல பீப் அடிக்குமா? ஸ்கேன் எடுக்கலாமா?"

திரவ வகையில் உலோகம் மிகக் குறைவு, கருவி பொதுவாகக் கத்தாது. தண்டு வகையில் உள்ளே உலோகம் இருக்கும், சில சமயம் காட்டிக்கொடுக்கலாம். இப்போதைய மாடல்களில் பெரும்பாலானவற்றோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். மாடல் பெயர் எழுதிய அட்டை தருவார்கள், அதை எப்போதும் கையில் வையுங்கள். சிறுநீர்க் குழாயில் கத்தீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் டியூப்) போட வேண்டி வந்தால் இம்ப்ளான்ட் இருக்கிறது என்று கட்டாயம் சொல்லுங்கள். முதலில் தளர்த்திவிட்டு, கவனமாகப் போட வேண்டும். பேச முடியாத நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்க நேரலாம் என்பதால் வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்கட்டும்.

"எனக்கு 74 வயசு. இந்த வயசுல இதெல்லாம் கேட்டா சிரிப்பாங்களா?"

சிரிக்கிற மருத்துவரிடம் இரண்டாவது தடவை போகாதீர்கள். வயதுக்கு உச்ச வரம்பு கிடையாது. மயக்க மருந்தை இதயமும் நுரையீரலும் தாங்குமா, உடலுறவின் உழைப்பை இதயம் தாங்குமா, பம்பை இயக்க விரல் ஒத்துழைக்குமா என்றுதான் பார்ப்பார்கள். கை பற்றி வகைகளைச் சொன்ன இடத்தில் எழுதியிருக்கிறேன். நினைவாற்றல் மங்கத் தொடங்கியவருக்குப் பம்பு வகை வேண்டாம். ஏற்றிவிட்டுத் தளர்த்த மறந்துவிடுவார்.

"அவர் முடிவு பண்ணிட்டார். எனக்கு இது வேணுமான்னு யாருமே கேட்கலை."

இதை மனைவிமார் தனியாகத்தான் கேட்கிறார்கள், கணவர் பில் கட்டப் போன நேரத்தில். உங்கள் கேள்வி நியாயமானது. இத்தனை வருடம் உறவில்லாமல் இருந்து பழகிய பிறகு திடீரென்று வேண்டிய நேரமெல்லாம் தயாராக இருக்கும் ஓர் உறுப்பு வீட்டுக்கு வருகிறது. உங்களுக்கு மாதவிடாய் நின்று வறட்சி இருக்கலாம், வலிக்கலாம், விருப்பமே விட்டுப்போயிருக்கலாம். வறட்சிக்கு மருந்து இருக்கிறது, மகளிர் நல மருத்துவரைப் பார்க்கலாம். விருப்பம் இல்லை என்றால் அதை அறுவை சிகிச்சைக்கு முன்னால் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கணவர்மாருக்கு: அடுத்த முறை ஆலோசனைக்கு இருவரும் சேர்ந்து போங்கள். வைத்துக்கொண்டவர்களிடமும் துணைவர்களிடமும் எடுத்த ஆய்வுகள் பலவற்றில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் திருப்தி என்றுதான் சொல்கிறார்கள். விரிசல் விட்ட உறவை இது ஒட்டிவிடும் என்று எதிர்பார்த்தவர்களிடம் நான் அந்தத் திருப்தியைப் பார்த்ததில்லை. மனைவிக்குச் சொல்லாமலே செய்துகொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். பம்பு கையில் தட்டுப்படும் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

"நல்ல சர்ஜனை எப்படிக் கண்டுபிடிக்கறது?"

வருடத்துக்கு எத்தனை இம்ப்ளான்ட் வைக்கிறீர்கள், உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது, பழுதானால் மாற்றுவதும் நீங்களேதானா என்று நேராகக் கேளுங்கள். அடிக்கடி செய்கிறவருக்கு இந்தக் கேள்விகள் பழக்கம், முகம் மாறாது. கருவிக்கு நிறுவனம் தரும் உத்தரவாதம் எதற்கெல்லாம் பொருந்தும், மாற்று அறுவை சிகிச்சையின் செலவு யார் தலையில் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே வைத்துக்கொண்ட ஒருவரோடு பேச ஏற்பாடு செய்து தருகிற மருத்துவர் கிடைத்தால் விடாதீர்கள்.

"விறைப்பு ரெண்டு நாளா அடங்கலைன்னு சேர்ந்தேன். இப்பவே இம்ப்ளான்ட் வைக்கணும்ங்கறாங்க. யோசிக்க டைம் கேட்கலாமா?"

கேட்கலாம், ஆனால் மேலே சொன்ன நிதானமெல்லாம் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. வலியோடு ஒன்றரை நாளுக்கு மேல் நின்ற விறைப்பில் உள் திசு பெரும்பாலும் செத்திருக்கும், இயற்கை விறைப்பு திரும்புவது அரிது. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் உள்ளே எல்லாம் இறுகித் தழும்பாகி, நீளம் போய், பிறகு சிலிண்டரை நுழைப்பதே போராட்டமாகிவிடும். அதனால்தான் சீக்கிரம் என்கிறார்கள். இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமானால் சில நாட்களுக்குள்ளேயே வாங்கிவிடுங்கள்.

"தேதி குறிச்சாச்சு, பணமும் கட்டியாச்சு. இப்போ பயமா இருக்கு. பின்வாங்கினா டாக்டர் கோவிப்பாரா?"

முந்தைய கேள்வியில் வந்த அவசர நிலை தவிர, இம்ப்ளான்ட் எவருக்கும் அவசரம் இல்லை. மயக்க மருந்து ஏறும் நிமிடம் வரை வேண்டாம் என்று சொல்லலாம், கையெழுத்துப் போட்டிருந்தாலும்கூட. ஆறு மாதம் கழித்துப் போனாலும் அதே சிகிச்சை அங்கேயே இருக்கும். பயம் வலியைப் பற்றியதா, தொற்றைப் பற்றியதா, அல்லது திரும்ப முடியாது என்பதைப் பற்றியதா என்று பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டும் என்றால் மயக்க மருத்துவரிடமும் சர்ஜனிடமும் அரை மணி நேரம் பேசினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மூன்றாவது என்றால் தேதியைத் தள்ளி வையுங்கள். உங்களுக்காகக் கருவியை வரவழைத்திருப்பார்கள் என்பதால் இரண்டு மூன்று நாள் முன்பே தகவல் சொல்லிவிடுங்கள். அதற்குள் ஊசியை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை என்றால், அந்த இடைவெளியில் பார்த்துவிடலாம்.